ஐஸ் பெட்டியில் வந்த ரத்தம்

போன வாரம் நம் லேபுக்கு வந்திருந்தேன். ரத்தச் செல்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ மெஷினுக்கு முன்னால் இருக்கும் நாற்காலியின் இடது சக்கரம் இன்னும் சுற்றவில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே அதை மாற்றச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனவள். இனி அது உங்கள் பாடு. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். மெஷினை எப்படி ஓட்டுவது என்று நான் எழுதப் போவதில்லை. அதைச் சலீம் என்னைவிட நன்றாகச் சொல்வான், எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்வான். எனக்குக் கோபம் வரும். அதனால் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். என் வேலையில் நான் ஜெயித்த கதை. பெருமையடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தால் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான்.

அதற்கு முன் கை நீட்டும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் லேபில் காலையில் மெஷினுக்குள் போகும் முதல் ரத்தம் நோயாளியுடையது அல்ல, நம்முடையது. முறை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு நாள் கை நீட்டுகிறோம். அந்தக் குழாயின் மேல் 'நார்மல்' என்று எழுதி ஒட்டுகிறோம். இதை ஆரம்பித்து வைத்தவர் எனக்கு முன் இங்கே தலைமையில் இருந்தவர். சரியான சிடுமூஞ்சி. "படம் கோணலா வந்தா, கோணல் நோயாளிகிட்டயா நம்மகிட்டயான்னு எப்படிம்மா தெரியும்? உன் ரத்தத்தையும் பக்கத்துல ஓட்டு" என்பார். முதல் சில நாட்களுக்கு இது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். திரையில் தன் செல்களைப் பார்த்து செல்ஃபி எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. என்னிடம் திட்டு வாங்கிவிட்டு, "நேத்துதான் மேடம் மெஷினே என்னை நார்மல்னு சொல்லிச்சு" என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

அன்று ஐப்பசி மழை பிய்த்து உதறிக்கொண்டிருந்தது. வேளச்சேரியில் தண்ணீர் ஏறிவிட்டதால் அந்தப் பக்கத்து ஆட்கள் ஒருவரும் வரவில்லை. அன்றைக்குக் கை நீட்ட வேண்டிய பெண்ணும் அங்கேதான் மாட்டிக்கொண்டாள். கீழே தி.நகர் தெருவில் மட்டும் தீபாவளிக் கூட்டம் குடையும் பையுமாக நகர்ந்துகொண்டிருந்தது. மழைக்கெல்லாம் அஞ்சுகிற கூட்டமா அது! மேலே லேபில் நானும் சலீமும்தான். சலீம் ராயப்பேட்டைக்காரன். எந்த மழைக்கும் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வந்து நிற்பான்.

காலையிலேயே ஒரு குழந்தை மருத்துவர் போன் செய்திருந்தார். இளைஞர், நிதானமானவர். ராயப்பேட்டையில் அவருடைய வார்டில் ஜோயல் என்று ஒரு கைக்குழந்தை. பிறந்ததிலிருந்தே சளி, காய்ச்சல், நுரையீரலில் தொற்று. வாய்க்குள் வெள்ளையாகப் படிந்திருப்பது எந்த மருந்துக்கும் போகவில்லை.

"ரத்தத்துல லிம்போசைட் எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு மேடம். எதிர்ப்பு சக்தியில கோளாறுன்னா அது குறைஞ்சிருக்கணும். இருந்தாலும் மனசு கேக்கல, நீங்க ஒரு தடவை பாத்துடுங்க" என்றார். "ஹீமோகுளோபின் ரொம்ப இறங்கிடுச்சு. மத்தியானம் ரத்தம் ஏத்தப்போறேன். அதுக்கு முந்தி எடுத்த சாம்பிள அவங்க அப்பாகிட்டயே குடுத்து அனுப்பியிருக்கேன்."

ராயப்பேட்டையிலிருந்து தி.நகருக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அப்பா வரவே இல்லை. நான் வாசலுக்கும் மேசைக்கும் நடந்து நடந்து சலீமின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு நெடிய ஆள் சொட்டச் சொட்ட நனைந்து படியேறி வந்தார். பெயர் அந்தோணி, சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில் மீன்பிடித் தொழில். கையில் கயிறு போட்டுக் கட்டிய தெர்மாகோல் பெட்டி. திறந்தால் உள்ளே நொறுக்கிய ஐஸ். ஐஸுக்கு நடுவே கைக்குட்டையில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்தச் சின்னஞ்சிறு ரத்தக் குழாய். லேப் முழுக்கக் கடல் வாடை.

சலீம் தலையில் கை வைத்துக்கொண்டான். "அண்ணே, ஐஸ்லயா வெச்சீங்க?"

"பின்ன? டாக்டரு பத்திரமா கொண்டு போன்னாரு. வூட்டாண்ட போய் பொட்டிய எட்த்துக்கினு, புது ஐஸு போட்டுக்கினு வரேன். எங்க மீனே சாயங்காலம் வரைக்கும் அப்டியே கீது, ரத்தம் கெட்டுப்பூடுமா?"

அவருக்குத் தெரிந்த பத்திரம் அதுதான். நமக்கு வேண்டியதோ அறைச் சூட்டில் வரும் ரத்தம். குளிர் பட்டால் செல்கள் எப்படி முறைத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஐஸில் வந்த சாம்பிளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது நம் விதி. இருந்தாலும், "ஓட்டிப் பாரு" என்றேன். சலீம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓட்டினான்.

கிருமிகளோடு போராடும் டி செல்களை நாம் திரையில் இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்க்கிறோம். ஒரு மூலையில் சிடி4, இன்னொரு மூலையில் சிடி8. ஜோயலின் படத்தில் சிடி4 மூலை கூட்டமாக இருந்தது. சிடி8 மூலையில் ஒருவரும் இல்லை. குறைவாக அல்ல, துடைத்து விட்டாற்போல் காலி.

"ஐஸ்தான் மேடம்" என்றான் சலீம். "இல்லேன்னா செல்லுக்கு நிறம் ஏத்தற நம்ம மருந்து. போன மாசம் கரன்ட் போய் ஃப்ரிட்ஜ் சூடானப்ப இதே சிடி8 மருந்துதான் நம்ம கழுத்த அறுத்துச்சு. ரிஜெக்ட் பண்ணிட்டு நாளைக்கு வேற சாம்பிள் கேட்டுடலாம்."

சலீம் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் மத்தியானம் அந்தக் குழந்தைக்கு இன்னொருவர் ரத்தம் ஏறப்போகிறது. ஏற்றும் ரத்தத்தில் அதைக் கொடுத்தவரின் உயிருள்ள வெள்ளையணுக்கள் கொஞ்சம் இருக்கும். சாதாரணக் குழந்தையின் உடம்பு அவற்றை விரட்டிவிடும். விரட்ட ஆள் இல்லாத உடம்பில் அவை தங்கிவிடும், பெருகும், குழந்தையின் தோலையும் ஈரலையும் மஜ்ஜையையும் தாக்கும். அது வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது. அப்படிப்பட்ட குழந்தைக்குக் கதிர் பாய்ச்சி அந்த வெள்ளையணுக்களை முடக்கிய ரத்தம்தான் ஏற்ற வேண்டும். அந்த மூலை நிஜமாகவே காலி என்றால், நாளைக்கு வேறு சாம்பிள் வருவதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும்.

ஐஸ் என்றால் இரண்டு மூலையையும்தானே கெடுத்திருக்கும், ஒன்றை மட்டும் ஏன் என்று எனக்குத் தோன்றியது. தோன்றினால் போதுமா? ரத்தம் இவ்வளவு இறங்கிப்போன குழந்தைக்கு ரத்தம் ஏற்றாதே என்று ஒரு டாக்டரின் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும். அதற்குத் தோன்றல் போதாது.

அப்போதுதான் வார்டிலிருந்து போன். "மேடம், ரத்தம் வந்துடுச்சு. குழந்தை ரொம்ப மூச்சு வாங்குது. ஏத்தட்டுமா?"

"ஏத்தாதீங்க."

"ரிசல்ட் வந்துடுச்சா?"

"இல்ல."

"அப்ப எத வெச்சு மேடம் சொல்றீங்க?"

"ஒரு மூலை காலியா இருக்கு. அது நிஜமா, ஐஸ் பண்ண வேலையான்னு தெரியல. ஆக்சிஜன் வெச்சா தாங்குவானா?"

"கொஞ்ச நேரம் தாங்குவான்."

"அந்தக் கொஞ்ச நேரத்த எனக்குக் குடுங்க டாக்டர். அதுக்குள்ள கதிர் பாய்ச்சின ரத்தத்துக்கும் சொல்லி வைங்க. தேவையில்லன்னு ஆச்சுன்னா நானே நேர்ல வந்து மன்னிப்பு கேக்கறேன்."

அவர் சரி என்றார். அந்தச் 'சரி'க்காக இன்று வரை அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

திரும்பினால் அந்தோணி எனக்குப் பின்னால் நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். முகம் வெளிறிப் போயிருந்தது. "இன்னா மேடம், எம் புள்ளைக்கு ரத்தம் ஏத்த வாணான்றீங்க? நான் ஐஸ்ல வெச்சதாலயா? நான்தான் கெடுத்துட்டனா?"

"வெச்சிருக்கக் கூடாதுதான்" என்றேன். "ஆனா இப்ப அந்த ஐஸ் எனக்கு வேணும். பெட்டிய எடுத்துட்டுப் போயிடாதீங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சலீமுக்குப் புரிந்துவிட்டது. நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கையை நீட்டினேன். "ரெண்டு குழாய் எடு. ஒண்ணு மேசை மேல இருக்கட்டும். இன்னொண்ண அந்தக் கைக்குட்டையிலயே சுத்தி, அதே கவர்ல போட்டு, அதே ஐஸ்ல வை. பையன் ரத்தம் எவ்வளவு நேரம் அதுல இருந்துச்சோ அவ்வளவு நேரம்."

சலீம் ஊசியை எடுத்தான், என்னைக் குத்தத்தான் தயங்கினான். "வருஷக்கணக்கா நான் உன்னைக் குத்திப் பேசறேன், ஒரு நாள் நீ குத்தக் கூடாதா?" என்றேன். அந்தோணிகூட அந்தக் கலக்கத்திலும் லேசாகச் சிரித்தார்.

பிறகு காத்திருந்தோம். காத்திருப்பதைப் போலக் கொடுமை நம் தொழிலில் வேறில்லை. அந்தோணி பெட்டியின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூடியின் மேல் கை வைத்துக்கொண்டார். ஐஸ் கரைந்துவிடுமோ என்று அடிக்கடி உள்ளே பார்த்தார். "எங்கம்மா வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கினு கீது" என்றார். "எல்லாருமே வேண்டிக்கோங்க" என்றேன். எனக்கும் உள்ளுக்குள் மயிலாப்பூர் கபாலியைத் தவிர வேறு நினைப்பில்லை.

நேரமானதும் சலீம் இரண்டு குழாய்களையும் அதே சிடி8 மருந்து ஊற்றி ஓட்டினான். மேசை மேல் இருந்தது முதலில். இரண்டு மூலையும் நிறைந்தன. ஆக, மருந்து கெடவில்லை. அடுத்தது ஐஸில் கிடந்தது. நான் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். புள்ளிகள் விழ ஆரம்பித்தன. சிடி4 மூலை நிறைந்தது. சிடி8 மூலையும் நிறைந்தது. ஐஸில் குளித்துவிட்டு வந்தும் என் சிடி8 செல்கள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன.

"யா அல்லா" என்றான் சலீம். "அப்ப அந்தப் பையனோடது நிஜம் மேடம்."

நான் போனில் டாக்டரிடம் சொல்லி முடிப்பதற்குள் அவர், "கதிர் பாய்ச்சின ரத்தம் தயார் பண்ணச் சொல்லிட்டேன், அப்பாவ உடனே அனுப்புங்க, ரத்த வங்கிக்குப் போய் வாங்கிட்டு வரட்டும்" என்றார். அந்தோணி படியில் பாதி இறங்கியவர் திரும்பி ஓடி வந்தார்.

"மேடம், அந்த ரத்தத்த ஐஸ்ல வெக்கணுமா, வாணாமா?"

"அவங்களே பெட்டியில வெச்சுக் குடுப்பாங்க. நீங்க கைய வெக்காதீங்க!"

அந்த ரத்தம் அன்று மாலைக்குள் ஏறியது. ஜோயலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். கெட்ட சாம்பிளைத் தூக்கிப் போடுவது சுலபம், விதியும் உங்கள் பக்கம் நிற்கும். தூக்கிப் போடுவதற்கு முன், இது கெட்டது என்பதைச் சோதிக்க வழி உண்டா என்று ஒரு தரம் யோசியுங்கள். நோயாளியின் ரத்தம் என்ன பாடு பட்டதோ அதே பாட்டை உங்கள் ரத்தத்தையும் படுத்துங்கள். அப்புறம், ரிப்போர்ட் தயாராகட்டும் என்று காத்திராமல் போனை எடுங்கள். 'தெரியவில்லை, ஆனால் பயமாக இருக்கிறது' என்று சொல்வதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

மீதிக் கதை சந்தோஷமான கதை. சிடி8 சுத்தமாக இல்லை, சிடி4 ஏராளமாக இருக்கிறது, ஆனாலும் குழந்தைக்கு ஓயாமல் தொற்று. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்கு ஒரு பெயர்தான் மனதில் வந்தது, ஸாப்-70. டி செல்லின் வெளியே ஓர் ஏற்பி இருக்கிறது, அதைக் காலிங் பெல் பொத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமி வந்தால் பொத்தான் அழுந்தும். அந்தச் செய்தியை உள்ளே கொண்டுபோகும் ஒயர்தான் ஸாப்-70 என்ற புரதம். அதைச் செய்யச் சொல்லும் மரபணுவுக்கும் அதே பெயர். அந்த ஒயர் இல்லாவிட்டால் சிடி8 செல்கள் உருவாகவே மாட்டா. சிடி4 செல்கள் எப்படியோ வளர்ந்துவிடும். வளர்ந்து என்ன பயன்? யார் பெல் அடித்தாலும் அவற்றுக்குக் கேட்காது. எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு வீடு நிறைய ஆள் இருக்கிற மாதிரிதான் தெரியும்.

ரத்தம் ஏற்றுவதற்கு முன் டாக்டர் இன்னொரு குழாய் எடுத்துவைத்திருந்தார். இந்த முறை ஐஸ் இல்லாமல் வந்தது. அதில் பெல்லை அழுத்திப் பார்த்தோம். செல்கள் அசையவில்லை. பெல்லை விட்டுவிட்டுக் கொல்லைப்புறமாகப் போய், ஒயர் தேவைப்படாத வேறொரு மருந்தால் எழுப்பிப் பார்த்தோம். அத்தனையும் துள்ளி எழுந்தன! ஆள் நல்ல ஆள்தான், ஒயர்தான் இல்லை. பிறகு ஸாப்-70 புரதத்தையே தேடிப் பார்த்தோம், அந்த இடம் வெறுமையாக இருந்தது. மரபணுவைப் படித்தவர்களும் அதையே உறுதி செய்தார்கள். அன்று நானும் சலீமும் கீழே இறங்கிப் போய் ஆளுக்கொரு ரோஸ் மில்க் குடித்தோம். ஒரு குழந்தையின் நோய்க்குப் பெயர் கண்டுபிடித்துவிட்டு ரோஸ் மில்க் குடிக்கிறார்களே என்று நினைக்காதீர்கள். பெயர் தெரிந்துவிட்டால் வழியும் தெரிந்துவிடும். எலும்பு மஜ்ஜை மாற்றினால் அவன் பிழைப்பான்.

மஜ்ஜை கொடுக்க ஆள் வேண்டுமே. அந்தோணியும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் பெண் பிரின்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பிரின்சி அப்போது பள்ளிக்கூடச் சீருடையில் இரட்டைப் பின்னலோடு இருந்தாள். ஸ்டெல்லா அந்தோணியின் மாமன் மகள். அதைச் சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

"சொந்தத்துல கட்டிக்கினோம்னு எல்லாம் எங்கள ஏசுறாங்கோ மேடம். எங்களாலதானா?"

"அந்த ஒயருக்கு ஆளுக்கு ரெண்டு மரபணு. உங்க ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணு சரி, ஒண்ணு கோளாறு. அது உங்களுக்கே தெரியாது. ரெண்டு கோளாறும் ஒண்ணா இவன்கிட்ட வந்துடுச்சு. யாரும் வேணும்னு குடுக்கலியே. ஏசறவங்கள இங்க அனுப்பு, நான் பேசிக்கறேன்."

ஸ்டெல்லா பிரின்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இவ நார்மலா மேடம்? அத்த மட்டும் சொல்லிடுங்க."

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பார்த்தோம். பிரின்சியிடமும் அப்பா அம்மாவைப் போலவே ஒன்று சரி, ஒன்று கோளாறு. அந்தச் சரியான ஒன்றே போதும், அவளுடைய பெல் நன்றாகவே அடிக்கும். அதைவிடப் பெரிய செய்தி, அவள் மஜ்ஜை தம்பிக்கு அச்சாகப் பொருந்தியது. ஊசி என்றதும் அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் கேட்டது வேறு. "எங்கிட்டேந்து எட்த்து அவனுக்குப் போட்டா, அவனும் என்ன மாதிரியே வாய் பேசுவானா ஆன்ட்டி?" ஸ்டெல்லா முதல் முறையாகச் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை வேறொரு மருத்துவமனையில் நடந்தது. அங்கே பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியவர்கள் அங்கே இருந்தவர்கள். எங்களுக்கு ரத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, அறைச் சூட்டில், ஒழுங்காக. ஒவ்வொரு முறையும் அந்த மூலை காலியாகவே இருந்தது. ஒருநாள் நான் டிபன் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கும்போது சலீம் காரிடாரில் கத்திக்கொண்டே ஓடி வந்தான். "மேடம்! மூலையில ஆள் வந்துட்டாங்க மேடம்!" ஓடினேன், அந்த வயதில் ஓடினேன். காலி மூலையில் கொஞ்சம்போலப் புள்ளிகள். எல்லாம் பிரின்சியின் செல்கள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம், அதற்கடுத்த முறை கூட்டம். எண்ணிக்கை எங்களை ஒரு தரம் ஏமாற்றியது போதுமென்று பெல்லையும் அழுத்திப் பார்த்தோம். கேட்டது!

ஜோயல் வீடு திரும்பிய பிறகு அந்தோணி அதே தெர்மாகோல் பெட்டியோடு படியேறி வந்தார். திறந்தால் ஐஸுக்கு நடுவே முழு வஞ்சிரம். நானோ மயிலாப்பூரில் முட்டைகூட வாங்காத வீட்டுக்காரி. மீன் சலீம் வீட்டுக்குப் போனது. "மேடத்துக்கு ஒண்ணும் இல்லாம பூட்ச்சே" என்று அந்தோணி வருத்தப்பட்டார். எனக்கு வேண்டியதை அந்த ஐஸ் முன்பே கொடுத்துவிட்டது என்றேன்.

போன வாரம் நான் வந்தபோது நீங்கள் எல்லாரும் மெஷினைச் சுற்றி நின்றுகொண்டிருந்தீர்கள். "இன்னைக்கு யார் முறை?" என்று சலீம் கேட்டான். உங்களில் ஒருத்தி கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். பயிற்சிக்குச் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு அதுதான் முதல் முறையாம். நான் ஏன் அப்படி உறைந்து நின்றேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. இரட்டைப் பின்னல் இல்லை, வாய் மட்டும் அப்படியே இருந்தது. இதை எழுதலாமா என்று அவளிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க மேடம், நைனாவோட ஐஸ் பொட்டிய மட்டும் உட்டுடாதீங்க" என்றாள்.

திரையில் இரண்டு மூலையும் நிறைந்தன. அதே கூட்டம்தான் சாந்தோம் மணலில் பந்து உதைத்துக்கொண்டு ஊர்ப்பட்ட வாய் பேசும் அவள் தம்பிக்குள்ளும் ஓடுகிறது. குழாயின் மேல் ஒட்டும் சீட்டை அவளே எழுதினாள். 'நார்மல்' என்று எழுதி, ஒட்டி, போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

உடனே அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் ஸ்டெல்லா அழுவது கேட்டது. பிறகு அவளிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு அந்தோணி போட்ட சத்தம் லேப் முழுக்கக் கேட்டது.

"ஏய் பிரின்சி, பொட்டி எட்த்துக்கினு வரட்டா? ஐஸ்ல வெச்சு ஒரு தபா பாக்கச் சொல்லு உங்க மேடத்த!"